பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்கள்

ஒப்பந்தம், முதலீடு, ஊதியம், உரிமம் ஆகிய எதன் வழியாகவும் ஒரு திட்டத்தில் சேராமலே அதன் விளைவைச் சுமப்பவர்களும், வெளியிலிருந்தே அதன் போக்கை மாற்றக்கூடியவர்களும் மறைமுகப் பங்குதாரர்கள். நேரடிப் பங்குதாரர்களைக் கோப்பிலிருந்தே எழுதிவிடலாம். மறைமுகமானவர்களை, விளைவு போகும் வழியிலேயே போய்த்தான் கண்டறிய வேண்டும்.

பாலாற்றுப் படுகையின் தோல் தொழிலில் இதைத் தெளிவாகக் காணலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், உறுப்பினரான தோல் ஷாப்புகள் (தோல் பதனிடும் ஆலைகள்) சேர்ந்து நடத்துபவை. மானியம் தரும் அரசு, மாசு கட்டுப்பாட்டு வாரியம், வங்கி, கட்டுமான ஒப்பந்ததாரர் ஆகியோரைச் சேர்த்தால் நேரடிப் பட்டியல் முடிந்துவிடும். தண்ணீர் அத்தோடு நிற்பதில்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு, ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து கழிவுநீரோடு வெளியேறுகிறது. நுண்ணுயிர் வழிச் சுத்திகரிப்பு கரிமக் கழிவைக் குறைக்கும், உப்பை நீக்காது. ஆகவே கிணற்றுப் பாசன விவசாயி, அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர், அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர் என்று பட்டியல் நீள்கிறது. பட்டா இல்லாத கூலிக்காரர்தான் முதலில் விடுபடுவார். ஆவியாக்கி வைத்து உப்பைப் பிரித்தாலும், கலப்பு உப்பு வளாகத்தில் குவிகிறது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் குடியிருப்போர் புதிதாகப் பட்டியலுக்கு வருகிறார்கள்.

திட்ட இடத்தைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடும் வழக்கம் இங்கே பயன்படாது. ஆற்காடு–ஆரணி சாலையில் உள்ள திமிரி ஆற்றங்கரை ஊரல்ல. ஆனால் ராணிப்பேட்டை ஷாப்பில் வேலை பார்ப்பவர் இருக்கும் வீட்டுக்கு, ஷாப் மூடினால் சம்பளம் நிற்கும். அதே வீட்டாருக்குப் படுகையில் நிலமிருந்தால், ஷாப் ஓடும்போது கிணறு கெடும். ஒரே குடும்பம் இரண்டு வகையிலும் இடம்பெறலாம். ஆகவே ஆளை அல்ல, அவரைத் திட்டத்தோடு இணைக்கும் வழியையே வகைப்படுத்த வேண்டும்: நீர், கூலி, சட்டம், சந்தை.

முதல் இரண்டும் பெரும்பாலும் பாதிக்கப்படுபவர்களைக் காட்டும், பின்னிரண்டும் பாதிக்கக்கூடியவர்களை. தோலில் பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருள் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஜெர்மனி 1990ஐ ஒட்டி விதித்தபோது, தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. அந்த விதியை எழுதியவர்கள் எந்த ஷாப்பின் பதிவேட்டிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

அதிகாரத்தையும் ஆர்வத்தையும் இரு அச்சுகளாக்கி வரையும் கட்டம் நம் துறையில் பழகிப்போனது. மறைமுகமானவர்களிடம் அது தோற்கிறது. மனு எழுதத் தெரியாதவர் அங்கே ஆர்வம் குறைந்தவராகப் பதிவாகிவிடுகிறார். மிட்செல், ஏகிள், வுட் மூவரும் 1997இல் முன்வைத்த அதிகாரம், நியாயம், அவசரம் என்ற மூன்று அளவைகள் இதைவிட மேல். பாலாற்று விவசாயிகளிடம் நியாயமும் அவசரமும் இருந்தன, அதிகாரம் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் அதுவும் வந்து சேர்ந்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதென்ற ஆய்வைச் சுட்டிய 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்தியது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் அன்றைய வேலூர் மாவட்டத்தில் இழப்பீட்டுக்கு உரியவர்களென அடையாளம் கண்டது 29,193 பேரை.

காலமும் ஓர் அளவை. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல், ஆலை போன பிறகும் நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2015 ஜனவரி 31 அன்று அதே ஊரின் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தனர். பக்கத்து ஷாப்பில் உறங்கிய, பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அவர்கள். பகல் நேரத்தில் மட்டும் கணக்கெடுத்தால் இவர்கள் அகப்பட மாட்டார்கள்.

ஆகவே தொழில்நுட்பம், கொள்ளளவு, வேலைநேரம் இவற்றில் எது மாறினாலும் பங்குதாரர் பதிவேட்டைத் திறந்து மறுபடி எழுத வேண்டும். விளைவு எளிதில் முடிவதில்லை: 1991இல் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சியில், பாதிக்கப்பட்டோரில் எஞ்சியவர்களுக்கு இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்றும் உத்தரவிட வேண்டியிருந்தது.