விமர்சனமா, மொய்யா?

பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நாங்கள் நால்வர் கூடி ஹெவி மெட்டல் கேட்கிறோம் என்பதை அறிந்த மூத்த எழுத்தாளர் ஒருவர், "சத்தத்தக் கேக்கதுக்கு நாலு பேரு, பிராந்தி வேறயாக்கும்?" என்றார். புதுக்கவிதையில் ஓசையே இல்லை என்றார்கள் அன்றைய யாப்புக்காரர்கள். இதில் ஓசையைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார் இவர். இரண்டுமே விசாரணை இல்லாத தீர்ப்புகள். ஆனால் என் சண்டை அவரோடு அல்ல. எங்களோடு, அதாவது, இந்தப் பக்கங்களை எழுதியும் படித்தும் வரும் சிறு கூட்டத்தோடு.

மாடியில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு ஆல்பம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'நன்றாயிருக்கிறது' செல்லாது. எந்த இடம், ஏன் என்று காட்டியாக வேண்டும்.

பிளாக் சாபத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யை (1971) அப்படித்தான் கேட்டோம். டோனி அயோமி பதினேழு வயதில் பர்மிங்ஹாம் தகட்டு ஆலையில் இரண்டு விரல் நுனிகளைப் பறிகொடுத்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர். இந்த ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குக் கிதாரின் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது; விரலுக்கு வலி குறைந்தது; நாதம் கனத்தது. இதை நான் உருக்கமாகச் சொன்னபோது வீட்டுக்கார நண்பர் வெட்டினார்: "வெரல் கதையத் தள்ளி வச்சுட்டுக் கேளும்வே." தள்ளி வைத்துக் கேட்டேன். அந்தக் கனம் அப்படியே நின்றது. நடுவில் வரும் இரண்டு சிறு கிதார்த் துண்டுகள் நிற்கவில்லை. ஒட்டுப் போட்டது போலத் தெரிந்தன. கலைஞனின் துயரம் கலைக்குச் சாட்சி சொல்லாது என்று ஆயிரம் கட்டுரைகளில் படித்ததை அன்றுதான் காதால் அறிந்தேன்.

பிறகு ருத்ரா. சிங்கப்பூரில் நம்மவர்கள் 1992-ல் தொடங்கிய குழு. தங்கள் இசையை வேத மெட்டல் என்பார்கள். 2005-ல் வந்த 'பிரம்மவித்யா' வரிசையின் முதல் ஆல்பத்தைப் போட்டோம். ஆங்கிலத்துக்கு நடுவே சுலோகம் எழுந்ததும் விதியை மறந்து நால்வரும் கை தட்டினோம். நாலு பேரும் உச்ச மதிப்பெண். மறுநாள் காலை, காபி குடித்துவிட்டுத் தனியாகக் கேட்டேன். டிரம்ஸ்காரரின் கால்வேகமும் கிதாரின் இறுக்கமும் இரவில் கேட்டதைவிட மேலாக இருந்தன. நாங்கள் கை தட்டிய இடத்தில் மட்டும் எனக்குள் ஒன்றும் நிகழவில்லை. குற்றம் ருத்ராவினுடையது அல்ல. நாங்கள் தட்டியது இசைக்கு அல்ல, உறவுக்கு. அந்த ஆரவாரத்தில் அவர்களுடைய நிஜமான பலத்தைக் கேட்காமலே விட்டுவிட்டோம். சொந்தக்காரனின் புகழ்ச்சி கலைஞனுக்குச் செய்யும் துரோகம் இது.

'சுடலைமாடன் கொடையில் கணியான் மகுடம் கேட்டவனுக்கு இந்த மெட்டல் எம்மாத்திரம்' என்பதும் இதே ரகம்தான். நானே சொல்லியிருக்கிறேன். இரண்டு மகுடங்களில் உச்சம் எது, மந்தம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? பெருமைக்குக் காது தேவைப்படுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே மாடியில், அதே கிளாஸோடு, நண்பரின் கவிதைத் தொகுப்பு கைக்கு வரும்போது இந்த விதி எங்கே போகிறது? 'அடர்த்தி' என்கிறார் ஒருவர். 'மௌனம்' என்கிறார் இன்னொருவர். எந்த இடம், ஏன் என்று கேட்பாரில்லை. அயோமி அறையில் இல்லை. அவரிடம் நேர்மையாக இருப்பதற்குத் தைரியம் வேண்டியதில்லை. இவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஆற்றுத் தண்ணீர் குடித்தவர். அடுத்த இதழில் நம் புத்தகத்துக்கு எழுத வேண்டியவர். நான் வங்கிக் குமாஸ்தா. இவருக்கு அவரும் அவருக்கு இவரும் மாறி மாறி ஜாமீன் போட்டு வரும் கடன் மனு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நாம் விமர்சனம் என்று அச்சடிப்பதில் பெரும்பகுதி மொய் நோட்டு. எழுதியதைத் திரும்ப எழுதுவார்கள் என்று எழுதுவது.

நானும் எழுதினேன். வீட்டுக்கார நண்பரின் தொகுப்பைப் பற்றி மூன்று பக்கம். போன சனிக்கிழமை ஆல்பம் முடிந்ததும் அவரே கேட்டார்: "எம் பொஸ்தகத்த அப்பிடிப் புகழ்ந்தீரே. விதிப்படி சொல்லும். எந்த எடம், ஏன்?" என்னால் ஒரு வரியைக் காட்ட முடியவில்லை. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மிக்சர் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தார்.

அந்தத் தொகுப்பைக் காலையில், தெளிந்த தலையோடு, முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த இதழில் மறுபடி எழுதுவேன். அதன்பின் மாடிக்கு அழைப்பு வராமல் போகலாம். வீடு அவருடையது, ஸ்பீக்கரும் அவருடையதுதான்.