தூளியும் உறக்கப் பையும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறங்கியே கழிக்கிறான். குழந்தையோ அதற்கும் மேலாக உறங்குகிறது. குழந்தை உண்ணும் உணவைப் பற்றிப் பேசுகிறோம். உடுத்தும் உடையைப் பற்றிப் பேசுகிறோம். படிக்கும் பள்ளியைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். அது படுத்துறங்கும் படுக்கையைப் பற்றி என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? வீட்டிற்குள் இருக்கும்வரை அந்தக் கேள்வி எழுவதில்லை. குடும்பத்தோடு வெளியே சென்று, வெட்டவெளியில் ஓர் இரவு தங்கும்போதுதான் அது நம்முன் வந்து நிற்கிறது.

வெட்டவெளியில் படுப்பதற்கென்று மேலைநாட்டார் கண்ட பொருள் உறக்கப் பை. ‘ஸ்லீப்பிங் பேக்’ என்று கடையில் கேட்டால் கிடைக்கும். வேல்ஸ் நாட்டு வணிகர் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் 1876இல் இத்தகைய ஒரு கம்பளிப் படுக்கைக்குக் காப்புரிமை பெற்றார். உருசியப் படைக்கும் விற்றார். குளிர்நாட்டுப் போர்வீரனுக்கு ஏற்ற அந்தப் பை, இன்று யானையும் டைனோசரும் அச்சிட்ட துணியில் குழந்தைகளுக்கென விற்பனைக்கு வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கூடாரமடித்துத் தங்கும் ஆசை பரவியபின், நம் செங்கல்பட்டு வீடுகளிலும் அது நுழைந்துவிட்டது. ஐந்து வயதான என் அக்கா மகனுக்கும் ஒன்று வந்தது. பையின் ஓரத்தில் தைத்திருந்த சீட்டில் ‘5 டிகிரி’ என்று அச்சிட்டிருந்தது.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு உடனே எழுந்த ஐயம், அந்த எண்ணை யார் அளந்தார்கள் என்பதே.

பெரியவர்களுக்கான பையைச் சோதிக்க ஒரு முறை உண்டு. மனித உருவில் செய்து உள்ளே சூடேற்றிய பொம்மை ஒன்றைப் பைக்குள் படுக்கவைத்து, குளிரறையில் இட்டு, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். அதிலிருந்து, 25 வயதுள்ள ஓர் ஆணோ பெண்ணோ எந்தக் குளிர்வரை நிம்மதியாக உறங்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 2002இல் ஐரோப்பியத் தரவிதியாக வந்த இம்முறை, பின்னர் உலகத் தரவிதியாகவும் ஆயிற்று. ஆனால் குழந்தைகளுக்கான பைகளை அவ்விதி தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. காரணங்கள் இரண்டு. பொம்மையில் அளந்ததைக் குழந்தையின் உடலுக்கு மாற்றிச் சொல்லும் கணக்கு இல்லை. உண்மையான குழந்தைகளைக் குளிரறையில் கிடத்திச் சோதிப்பதும் அறமன்று.

இது நேர்மையான முடிவே. குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறிய அச்சு அன்று. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு மிகுதி; ஆகவே குளிரில் விரைவில் வெப்பத்தை இழந்துவிடும். அப்படியானால், குழந்தையின் பையில் காணும் எண் அத்தரவிதி உறுதி கூறும் எண் அன்று. செய்தவர் தம் கணக்கில் வைத்த எண். சோதிக்கும் பொறுப்பு பெற்றவர்கள் தலையில்தான் விழுகிறது.

எங்கள் குடும்பம் அப்பொறுப்பை ஏற்றது. தெரிந்தவர் ஒருவரின் சவுக்குத் தோப்பு மாமல்லபுரத்திற்கு வடக்கே கடலை ஒட்டி இருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் சென்று, தை மாதத்தில் ஓர் இரவும் மாசியில் இரண்டு இரவுகளும் அங்கே தங்கினோம். அக்கா மகன் அருகில் நான் விழித்திருந்தேன். கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தரை. பைக்குள் அடைத்திருக்கும் பஞ்சில் தங்கும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. உடலின் பாரத்தால் முதுகுப்புறப் பஞ்சு நசுங்கியவுடன் அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. ஆகவே வெறும் மணலில் விரித்தபோது, மேற்புறம் சூடாகவும் முதுகுப்புறம் சில்லென்றும் இருந்தது. அடியில் ஒரு கோரைப் பாயைப் போட்டதும் அந்தக் குறை பெரிதும் நீங்கியது.

இரண்டாவது, வேர்வை. நம் கடற்கரையில் மாசி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. 5 டிகிரிக்கென்று செய்த பையில் சிறுவன் பத்து மணிக்குள் வேர்த்து நனைந்து, உதைத்து வெளியே வந்துவிட்டான். அந்த ஈரத்தோடு விடியற்காலைக் காற்று பட்டதும் நடுங்கினான். குளிருக்கென வாங்கிய பொருளே குளிரை வரவழைத்தது.

மூன்றாவது, பனி. மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பது நம் பாட்டிமார் சொல். தெளிந்த வானத்தின் கீழ் துணி விரைவாகக் குளிர்ந்துவிடும். கடற்காற்றில் உள்ள ஈரம் அதன்மீது நீராகப் படியும். விடிந்தபோது பையின் மேல்துணி சொட்டச் சொட்ட இருந்தது. உச்சிப் பொழுது வரை வெயிலில் போட்டும் உள்பஞ்சு முழுதும் உலரவில்லை.

நான்காவது, வெளியேறும் வழி. நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்த சிறுவனால் இருட்டில் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. துணி இடையில் சிக்கிக்கொண்டது. எறும்போ பூரானோ உள்ளே புகுந்திருந்தால் என்ன ஆகும்? தானாகத் திறக்கத் தெரியாத குழந்தையை அதற்குள் படுக்கவைக்கவே கூடாது என்பது என் முடிவு. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைக்கோ இத்தகைய தளர்ந்த படுக்கைகளே ஆகாது. முகத்தை மூடி மூச்சை அடைக்கும் ஆபத்து உண்டு.

மூன்றாம் இரவில் வென்றது எது தெரியுமா? கீழே தார்ப்பாய், அதன்மேல் கோரைப் பாய், அதன்மேல் நான்காக மடித்த அம்மாவின் பழைய நூல் புடவை; போர்த்திக்கொள்ள இன்னொரு புடவை, சுற்றிலும் கொசுவலை, பனி படாமல் மேலே ஒரு துணிக் கூரை. சிறுவன் விடியும்வரை புரளாமல் உறங்கினான். பை கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. கொடைக்கானலின் மார்கழி இரவுக்கு அது ஏற்றதாகலாம். நம் கடற்கரைக்கு அது ஏற்றதன்று என்பதே என் கட்சி.

இதைக் கண்டறிய எங்களுக்கு மூன்று இரவுகள் தேவைப்பட்டன. சோதிக்காமலே அறிந்தவர்கள் அதே மணலில் ஆண்டுதோறும் தங்குகிறார்கள். மாசி மகத்தையொட்டிச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளிலிருந்து இருளர் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். கழிகளை நட்டுப் புடவைகளால் குடில் கட்டுகிறார்கள். முழுநிலவு நாளின் விடியலில் மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். திருமணங்களும் அங்கேயே நடக்கின்றன. நம் மாவட்டத்தில் குடும்பங்கள் வெட்டவெளியில் தங்கும் பெரிய நிகழ்ச்சி இதுவே எனலாம். பலர் இதைப் புகைப்படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் குழந்தைகளின் படுக்கையைப் பார்த்தேன்.

இரண்டு கழிகளுக்கு இடையே தூளி கட்டியிருந்தது. மணலின் ஈரம் தொடாத உயரம். வேர்வையை உறிஞ்சும் நூல் துணி. கடற்காற்று வரும் பக்கத்தில் ஒரு மறைப்பு. அருகிலிருந்த பாட்டி சொன்னார்: “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துத்தான் தம்பி கட்டணும். வெறும் மணல்ல போட்டா புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும்.” என் நான்கு சோதனைகளில் மூன்றுக்கு விடை அந்த ஒரு தூளியில் இருந்தது.

ஆயினும் இதைப் புகழ்ந்து பாடிவிட்டு நின்றுவிடுவது நியாயமாகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத் தோல் வணிகம் நின்றது. இம்மக்களின் அறிவுக்கு மதிப்பளித்து 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் அது நஞ்செடுக்கும் பணி செய்கிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தபின்னும், முன்பணம் வாங்கிச் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முடங்கிய இருளர் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் மீட்கப்பட்டு வந்தன. அவர்களோடு குழந்தைகளும் அங்கேயே படுத்தார்கள். நமக்கு ஓர் இரவு வேடிக்கையாக இருப்பது, அந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வோர் இரவும் விதியாக இருந்தது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. இத்தகைய மழைக்குப்பின் நல்ல உள்ளங்கள் முதலில் கொண்டுவருவது கம்பளிப் போர்வை. அப்படி வழங்கிய ஓரிடத்தில் நானும் நின்றிருந்தேன். ஒழுகும் குடிசையில் அந்தப் போர்வை மாலைக்குள் நனைந்து, தூக்க முடியாத பாரமாகி, இரண்டு நாள் உலரவில்லை. கொடுத்தவர் மனத்தில் குறையில்லை. ஆனால் கொடுத்த பொருளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தார்ப்பாயும் கோரைப் பாயும் கொசுவலையும் கொடுத்திருந்தால் அன்றிரவு ஒரு குழந்தை உறங்கியிருக்கும்.

ஆகவே நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்காலத்திற்குள் இருளர் குடியிருப்புகளுக்குச் சென்று, “பிள்ளைகள் எதில் படுக்கிறார்கள், என்ன வேண்டும்?” என்று தாய்மார்களைக் கேளுங்கள். பிறகு, கொடுக்கப்போகும் பொருளை விரித்து, ஈரத் தரையில் நீங்களே ஓர் இரவு படுத்துப் பாருங்கள். உங்களால் உறங்க முடியாத படுக்கையைப் பிறர் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். பேராசிரியப் பெருமக்களும் உடன் வந்தால் இன்னும் நன்று.

பாயும் வலையும் ஓர் இரவுக்குத்தான் உதவும். மனைப் பட்டாவும் ஒழுகாத வீடும் கிடைக்காத குழந்தைக்கு எத்தனை டிகிரிப் பை வாங்கிக் கொடுத்தாலும் குளிர் போகாது. பட்டாவுக்கு எழுதும் மனுவை நாம் எழுதித் தரலாம். அலுவலகத்திற்கு உடன் சென்று நிற்கலாம். படித்த நம்மால் செய்யக்கூடிய இந்த வேலையைச் செய்வோம்.