பென்சில் கீறல் பட்ட பிரதியே மேல்

இங்கிலாந்தில் கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் மைதான வாசலில் வாங்கும் சிறு புத்தகத்துக்கு ‘புரோகிராம்’ என்று பெயர். அன்றைய ஆட்டத்தில் யார் யார், எந்தெந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்று சொல்ல வந்த ஒற்றைத் தாளாகத்தான் அது தொடங்கியது. இன்று பளபளக்கும் வண்ணத் தாளில் எண்பது, நூறு பக்கம் ஓடும் இதழாக வளர்ந்து நிற்கிறது. இந்த ஆட்டக் கையேடுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் அங்கே ஏராளம். பழைய கையேடு உசத்தியா, இன்றையது உசத்தியா என்பது அவர்களுக்குள் ஓயாத வழக்கு. பழசின் கட்சிக்காரர்கள் அதன் எளிமையையும் கிடைப்பதற்கரிய தன்மையையும் சொல்வார்கள். புதுசின் கட்சிக்காரர்கள் அச்சையும் படங்களையும் கட்டுரைகளையும் எடுத்துக் காட்டுவார்கள். இரு தரப்பும் பொருளின் தோற்றத்தையே தராசில் வைக்கின்றன. அது செய்த வேலையைத் தராசில் வைத்தால்தான் இந்த வழக்கு தீரும். பழைய கையேடு பார்வையாளரின் கைக்கருவி. கருவியாகப் புழங்கியதால் பின்னாளில் சாட்சியமும் ஆயிற்று. இன்றையது நினைவுப் பொருளாகவே பிறக்கிறது.

கருவி என்று சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. ஆட்டக்காரர்களின் சட்டையில் எண் போடுவதை இங்கிலாந்து கால்பந்து லீக் 1939-ல்தான் கட்டாயமாக்கியது. அதற்கு முன்னால், மைதானத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு இடதுபுறம் பந்தோடு ஓடுகிறவர் யார் என்று தெரிய வேண்டுமானால் கையேட்டைத்தான் புரட்ட வேண்டும். கோல்கீப்பர் ஒருவர், அவருக்கு முன்னால் இருவர், பிறகு மூவர், முன்வரிசையில் ஐவர் என்று ஆடுகளத்தில் நிற்கிற அதே வரிசையில் பெயர்கள் நடுப்பக்கத்தில் அச்சாகியிருக்கும். இடைவேளையில் இன்னொரு வேலை இருந்தது. மற்ற ஊர்களில் நடக்கும் ஆட்டங்களின் நிலவரத்தை மைதானப் பலகையில் தொங்கவிடுவார்கள். ஆனால் அங்கே அணிகளின் பெயர் இருக்காது, ஏ, பி, சி என்று எழுத்துகள் மட்டுமே இருக்கும். எந்த எழுத்து எந்த ஆட்டம் என்ற சாவி கையேட்டில்தான் உண்டு. வாங்காதவர் பக்கத்தில் நிற்பவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியதுதான். பிற்காலத்தில் டோக்கன் வந்தது. கையேட்டின் மூலையில் அச்சிட்ட சிறு சதுரத்தை வெட்டி அட்டையில் ஒட்டிச் சேர்த்து வந்தால், பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கும் வரிசையில் முன்னுரிமை கிடைக்கும். பார்ப்பதற்கும், கணக்குப் பார்ப்பதற்கும், அடுத்த ஆட்டத்துக்குள் நுழைவதற்கும் ஒரே காகிதம் உதவியது.

கருவியாகப் புழங்கும் பொருளில் புழக்கத்தின் தடம் விழும். இரண்டாம் உலகப் போர்க் காலக் கையேடுகளைப் பார்த்தால் இது விளங்கும். காகிதத் தட்டுப்பாட்டால் பல கிளப்புகளின் கையேடு ஒற்றைத் தாளாகவோ ஒரு மடிப்பாகவோ சுருங்கிவிட்டது. ஆட்டக்காரர்கள் படையில் இருந்தார்கள். அருகில் எந்த முகாமில் யார் இருக்கிறாரோ அவரை விருந்தாளி ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொள்ள அனுமதி இருந்தது. அச்சான பெயர் ஒன்று, ஆட வந்தவர் வேறொருவர் என்பது சகஜமாயிற்று. பார்வையாளர்கள் பென்சிலால் ஒரு பெயரை அடித்து அதன்மேல் இன்னொன்றை எழுதினார்கள். அன்று யார் ஆடினார்கள் என்று தேடும் ஆய்வாளருக்கு அச்சுக்குள்ள மதிப்பைவிட அந்த அடித்தல் திருத்தலுக்கு மதிப்பு அதிகம். அச்சு, திட்டம் என்னவாக இருந்தது என்று சொல்கிறது. பென்சில், நடந்தது என்ன என்று சொல்கிறது.

இதற்கு எல்லாவற்றையும்விட வலுவான சான்று 1958 பிப்ரவரி 19 அன்று ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் விற்ற கையேடு. அதற்கு 13 நாள் முன்பு மியூனிக்கில் நடந்த விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணி சிதைந்துபோயிருந்தது. விபத்துக்கு இரண்டு நாள் கழித்து நடக்கவேண்டிய, உல்வ்ஸ் அணியுடனான ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்காக அச்சடித்த கையேடுகளில் மிகச் சிலவே அழிவிலிருந்து தப்பின. அடுத்து வந்தது ஷெஃபீல்டு வெட்னஸ்டேக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். அச்சகத்துக்குத் தாள் போகும்போது யுனைடெட் தரப்பில் யார் ஆடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எதிரணியின் 11 பெயர்களும் வழக்கம்போல் அச்சாக, யுனைடெட்டின் 11 இடங்களும் வெறுமையாக விடப்பட்டன. ஸ்டான் குரோதரை ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஒப்பந்தம் செய்ததே ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் சொச்சம் இருக்கும்போதுதான். விபத்தில் தப்பிய ஹாரி கிரெக்கும் பில் ஃபோக்ஸும் ஆடினார்கள். முதல் அணிக்காக முதன்முறை களமிறங்கிய ஷே பிரென்னன் இரண்டு கோல் போட்டார். யுனைடெட் 3-0 என்று வென்றது. அந்தப் பக்கத்தின் வெறுமையை நிரப்பும் பொறுப்பு, கையேடு வாங்கியவரிடமே விடப்பட்டிருந்தது. எந்த அச்சுக்கலையாலும் எட்ட முடியாத பக்கம் அது. துக்கத்தைச் சித்திரிக்க யாரும் முயலவில்லை. வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனதே துக்கத்தைச் சொல்லிவிட்டது.

இன்றைய கையேட்டுக்கு வருவோம். பிரீமியர் லீகில் 1993-94 பருவத்தில் ஒவ்வொருவருக்கும் பருவம் முழுமைக்குமான நிரந்தர எண்ணும், சட்டை முதுகில் பெயரும் வந்தன. ஆடுகிறவரின் பெயரை அவர் முதுகே சொல்லிவிடுகிறது. கையேட்டின் பின்னட்டையில் இருப்பது இன்று ஆடப்போகும் 11 பேரின் பட்டியல் இல்லை. கிளப்பில் உள்ள அத்தனை பேரின் பட்டியல். அது எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். ஆகவே எந்த ஆட்டத்தையும் குறிப்பாகச் சொல்லாது. மற்ற ஊர் நிலவரம் கைபேசியில் நொடிக்கு நொடி வருகிறது. டிக்கெட் கணக்கு கணினியில் இருக்கிறது. செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிய பிறகு, 2018-ல் பிரீமியர் லீகுக்கு அடுத்த மூன்று பிரிவுகளை நடத்தும் இ.எஃப்.எல். அமைப்பின் கிளப்புகள், கையேடு அச்சிட்டே தீரவேண்டும் என்ற விதியை வாக்கெடுத்து நீக்கிக்கொண்டன. விற்பனைச் சரிவையும் அச்சுச் செலவையும் காரணமாகச் சொன்னார்கள். அடியில் கிடந்த காரணம், அது இல்லாமலும் ஆட்டம் பார்க்கலாம் என்றாகிவிட்டதுதான்.

பழசின் மீது உள்ள மோகத்துக்கு நியாயம் கற்பிக்கிற பேச்சு இது என்று ஒரு மறுப்பு எழலாம். பத்து வயதில் கையில் பிடித்ததுதான் எல்லோருக்கும் உசத்தி என்பது உண்மையே. ஆனால், 1882-ல் ஓவல் மைதானத்தில் ஓல்டு எடோனியன்ஸும் பிளாக்பர்ன் ரோவர்ஸும் மோதிய எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியின் கையேடு 2013-ல் சதபீஸ் ஏலத்தில் 35,250 பவுண்டுக்குப் போனபோது, அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. சொந்த நினைவு இல்லாதவரையும் அந்தத் தாள் இழுக்கிறது. அப்படியானால் அரிதாக இருப்பதுதான் காரணம் என்பார்கள். விலைக்கு அது காரணம், மறுக்கவில்லை. ஆனால் 1966 உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் கையேடு அரிதே அல்ல. இரண்டரை ஷில்லிங்குக்கு விற்ற அது ஏராளமாக அச்சாயிற்று, ஏராளமாகப் பிழைத்தும் கிடக்கிறது. போதாக்குறைக்கு மறுபதிப்புகளும் உலவுகின்றன. ஆனாலும் மூலப் பிரதியைத் தேடுகிறவர்கள் குறையவில்லை. அந்த மாலை வெம்பிளிக்குள் போய்த் திரும்பிய தாள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

இன்னொரு மறுப்பு கனமானது. இன்றைய கையேடுகளில் வரும் வரலாற்றுக் கட்டுரைகள், பேட்டிகள், புகைப்படங்கள் ஆகியவற்றின் தரம் பழசில் கிடையாது. பழையவற்றில் பாதி இடத்தைப் பீர், சிகரெட் விளம்பரங்களே அடைத்துக்கொண்டிருந்தன. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதோடு, அந்தப் பழைய விளம்பரங்களைக் கொண்டு அக்கால உழைப்பாளி மக்களின் வாழ்க்கையை நாம் இன்று படிக்கிறோம் என்றால், இன்றைய கையேடுகளை நிறைக்கும் சூதாட்ட நிறுவன விளம்பரங்களும் அரை நூற்றாண்டு கழித்து நம் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்த அளவுக்குப் புதுசும் சாட்சிதான். ஆனால் அது கிளப்பும் விளம்பரதாரரும் தரும் சாட்சி மட்டுமே. கையேட்டை வாங்கியவரின் சாட்சி அதில் விழுவதில்லை. வாங்கிய கையோடு பிளாஸ்டிக் உறைக்குள் போகும் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை, மழையில் தலைக்குப் பிடிப்பதில்லை, நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் செருகுவதில்லை.

ஆக, புதுசின் குறைக்குப் பாதிப் பொறுப்பு சேகரிப்பாளர்களையே சேரும். அவர்களுடைய விலைப்பட்டியலில் மடிப்பு ஒரு குறை, துருவேறிய ஸ்டேபிள் பின் ஒரு குறை, வெட்டிய டோக்கன் ஒரு குறை, கோல் கணக்கு எழுதியிருந்தால் அதுவும் குறை. துருவுக்கும் கிழிசலுக்கும் விலை குறைக்கட்டும். அவை காலம் செய்த சேதம். டோக்கன் வெட்டிய ஓட்டையும் பென்சில் எழுத்தும் சேதமில்லை, அந்தப் பொருள் தன் வேலையைச் செய்து முடித்ததற்கான ரசீது. இரண்டையும் ஒரே தட்டில் போடும் சந்தை, கைபடாத கையேட்டைக் கொண்டாடி, பயன்படாத கையேட்டை அச்சிடக் கிளப்புகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. கிளப்புகள் விரும்பினால் இதைத் திருத்த முடியும். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கும் முன்பே அணி அறிவிக்கப்படுகிறது; மைதானத்திலேயே ஒரு தாளில் அந்த 11 பெயர்களை அச்சடித்து, மாற்று ஆட்டக்காரர்களையும் கோல்களையும் குறிக்க இடம் விட்டு, சில்லறைக் காசுக்கு விற்கலாம். நூறு பக்க இதழ் வேண்டுவோருக்கு அது தனியாக இருந்துவிட்டுப் போகட்டும். சேகரிப்பாளர்கள் செய்யவேண்டியது இன்னும் எளிது. 1958 பிப்ரவரி கையேட்டின் இரண்டு பிரதிகள் முன்னால் இருந்து, ஒன்றில் 11 இடங்களும் அப்பழுக்கில்லாமல் வெறுமையாகவும், மற்றொன்றில் அன்றிரவு ஒலிபெருக்கியில் கேட்டபடி பென்சிலால் நிரப்பியும் இருந்தால், இரண்டாவதற்குக் கூடுதல் விலை கொடுக்கப் பழக வேண்டும்.