கிணறு நம்மது... ரிசல்ட் யாரோடது? திண்டுக்கல் தண்ணீர் சொல்லும் அறிவியல் பாடம்

ஊர் ஊராக வந்து தண்ணீர் சாம்பிள் எடுக்கிறார்கள், ஆய்வுக் கட்டுரையும் வெளியாகிறது. ஆனால், அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு?

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். நிலத்தடி நீர் பற்றிய ஆய்விதழ்களைப் புரட்டினால் இந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் நிலத்தடி நீரை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஊர் இது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் (என்.ஜி.ஆர்.ஐ.) விஞ்ஞானிகள், கொடகனாறு மேல் வடிநிலப் பகுதியில் கிணறு கிணறாக ஆய்வு செய்து 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். திண்டுக்கல்லைச் சுற்றி இயங்கிய சுமார் 80 தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர், நிலத்தடி நீரை என்ன செய்திருக்கிறது என்பதுதான் ஆய்வு. சில இடங்களில் நீரில் கரைந்திருந்த உப்புகளின் அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 2,000 மில்லி கிராமில் தொடங்கி 30,575 மில்லி கிராம் வரை போனது. சுமார் 100 சதுர கிலோமீட்டர் விளைநிலம் வளம் இழந்துவிட்டதாகவும் அந்தக் கட்டுரை சொன்னது.

இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால், இது எந்த மொழியில், எங்கே, யாருக்காக எழுதப்பட்டது என்பதைப் பார்த்தால் இன்னொரு பிரச்னை கண்ணில் படும்.

30,575 என்றால் எவ்வளவு?

ஒரு லிட்டர் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, ஏறக்குறைய அதுதான் டி.டி.எஸ். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்திய தர நிர்ணய அமைப்பு. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம், அதுவே உச்ச வரம்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். திண்டுக்கல் வடிநிலத்தில் பதிவான அந்த உச்ச அளவு 30 கிராமுக்கு மேல். அதாவது, கடலே இல்லாத ஊரில் கிட்டத்தட்ட கடல் தண்ணீர்!

'30,575 மி.கி./லி.' என்று எழுதினால் விஞ்ஞானிக்குப் புரியும். 'கிட்டத்தட்ட கடல் தண்ணீர்' என்று சொன்னால் ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவருக்கும் புரியும். தகவல் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவது வாக்கியத்தை யார் எழுதுவது என்பதில்தான் அறிவியல் தொடர்பின் சிக்கலே இருக்கிறது.

உப்பு எங்கிருந்து வந்தது?

தோல் ஆலை என்றாலே பலருக்கும் குரோமியம்தான் ஞாபகத்துக்கு வரும். அதுவும் ஒரு கவலைதான். ஆனால், திண்டுக்கல்லும் திருச்சியும் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களைக் கொண்டு பதனிடும் 'ஈஸ்ட் இந்தியா' தோலுக்குப் பெயர் போனவை. அங்கே பெரிய தலைவலி உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைப் போட்டு வைப்பார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தோலை ஊறவைத்துக் கழுவும்போது, அவ்வளவு உப்பும் தண்ணீரோடு வெளியேறும்.

கழிவுநீரில் இருக்கும் அழுக்கையும் நாற்றத்தையும் வழக்கமான சுத்திகரிப்பு முறை குறைக்கும். கரைந்த உப்பை அது எடுக்காது. அதற்கு ஆர்.ஓ. போன்ற முறைகள் வேண்டும். 'தண்ணி தெளிவாத்தானே இருக்கு' என்று ஒருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், அதே தண்ணீர் பயிரைக் கருக்குவதும் உண்மையாக இருக்கலாம். வீட்டில் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். இந்த ஒரு வரி, பல பக்க ஆய்வுக் கட்டுரையை விட ஒரு குடும்பத்துக்கு அதிகம் பயன்படும்.

இன்னொன்றும் இருக்கிறது. திண்டுக்கல் பகுதி கடினப் பாறை நிலம். இங்கே நிலத்தடி நீர், மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தேங்கி ஓடுகிறது. அதனால் ஒரு கிணறு கெட்டிருக்கும், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நன்றாகவே இருக்கும். 'அவர் கிணறு நல்லாத்தானே இருக்கு, அப்போ ஆய்வு பொய்யா?' என்று கேட்பவருக்கு இதுதான் பதில். ஊருக்கே ஒரு சராசரி எண்ணைச் சொல்வதில் பயன் குறைவு என்பதற்கும் இதே காரணம்தான். அவரவருக்கு அவரவர் கிணற்றின் எண் தெரிய வேண்டும்.

விஞ்ஞானிகள் வருவதற்கு முன்பே...

திண்டுக்கல் கதையில் முக்கியமான அத்தியாயம் 2005-க்கு முன்பே நடந்துவிட்டது. வேலூர் மக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் எவரும் தவிர்க்க முடியாத தீர்ப்பு அது. வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும், தீர்ப்புக்குள் திண்டுக்கல்லும் இருக்கிறது.

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அதாவது, நான்கில் மூன்று! இந்தக் கணக்கை உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எடுத்துச் சொன்னது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

அந்தத் தீர்ப்பு இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று முன்னெச்சரிக்கைக் கொள்கை. திருத்தவே முடியாத கேடு வரும் ஆபத்து இருக்கும்போது, 'அறிவியல் ரீதியாக இன்னும் உறுதியாகவில்லை' என்பதைக் காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையதே.

கணக்கெடுத்தவர்கள் எந்த ஆய்விதழுக்கும் காத்திருக்கவில்லை. 350, 467 என்று இரண்டே எண்கள், யாருக்கும் புரியும். அந்த எண்கள்தான் டெல்லி வரை போயின.

அறிவியலுக்கு என்று ஒரு ஒழுக்கம்

அப்படியென்றால் ஆய்விதழ் எதற்கு, பொறுமை எதற்கு என்று கேட்கலாம். தேவைதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், அறிவியல் சமூகம் எந்த ஒழுக்கங்களால் இயங்குகிறது என்று 1942-ல் நான்காகப் பிரித்துச் சொன்னார். கண்டறிந்த அறிவு எல்லோருக்கும் பொதுச் சொத்து. ஒரு கூற்றைச் சொன்னவர் யார் என்று பார்க்காமல், அது சரியா என்று பார்க்க வேண்டும். சொந்த லாபத்துக்காக உண்மையை வளைக்கக் கூடாது. எதையும் கேள்வி கேட்டுச் சோதித்த பிறகே ஏற்க வேண்டும்.

நான்காவது விதியால்தான் விஞ்ஞானிகள் 'சில இடங்களில்', 'இந்தக் காலகட்டத்தில்' என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். அந்த எச்சரிக்கைக்கு நியாயம் இருக்கிறது. '30,575' என்பது சில இடங்களில் கிடைத்த உச்ச அளவு. அதை எடுத்து 'திண்டுக்கல் தண்ணீரே விஷம்' என்று தலைப்பு வைத்தால் என்ன ஆகும்? நல்ல கிணறு வைத்திருப்பவரின் காய்கறியும் விலை போகாது, நிலமும் விலை போகாது. தோல் ஆலையில் கூலி வேலை பார்ப்பவரின் பிழைப்பும் ஆடும். 2005-ல் வந்த எண்ணை, ஆண்டைச் சொல்லாமல் இன்றைய நிலவரம் போல எழுதுவதும் அதே தவறுதான். இதில் செய்தி ஊடகங்களின் பங்கு பெரிது. எண், இடம், ஆண்டு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லாத அறிவியல் செய்தி அரைச் செய்திதான்.

ஆனால், முதல் விதி என்ன ஆனது? 'அறிவு பொதுச் சொத்து' என்பதில் அந்தப் பொது யார்? நடைமுறையில் அது சக விஞ்ஞானிகள் என்று சுருங்கிவிட்டது. 2005 கட்டுரை வெளியானது 'கரன்ட் சயின்ஸ்' என்ற ஆங்கில ஆய்விதழில். பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழில் வரும் ஒரு கட்டுரையைச் சந்தா இல்லாத ஒருவர் படிக்கச் சில ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயின்ஸ்' போன்ற இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், ஆனால் அதுவும் ஆங்கிலம்தான்.

மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிடுகிறது. நல்ல திட்டம்தான். ஆனால், அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி மையங்களுக்கும் மட்டுமே. ஊராட்சித் தலைவருக்கோ, கிணற்றுக்காரருக்கோ அந்தக் கதவு இன்னும் மூடியேதான் இருக்கிறது.

கிணற்றுக்கு ஏது ஒப்புதல் படிவம்?

ஒருவரின் ரத்தத்தை எடுத்து ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், சம்பந்தப்பட்டவரிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுப்பதற்கு இந்தச் சடங்கெல்லாம் தேவைப்படுவதில்லை. அந்த ரிசல்ட்டை அவருக்குத் திருப்பிச் சொன்னீர்களா என்று ஆய்விதழ்கள் பொதுவாகக் கேட்பதும் இல்லை. சொல்லும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள், ஆனால் அது அவர்களுடைய நல்ல மனசைப் பொறுத்தது. விதியாக இல்லை.

இது மாற வேண்டும். மாற்றுவதற்குப் பெரிய செலவும் ஆகாது.

முதலில், எண்ணையும் முடிவையும் பிரிக்கலாம். 'இந்த வடிநிலம் ஏன் கெட்டது, யார் காரணம்' என்பது முடிவு. அதற்குச் சக ஆய்வாளர்களின் சரிபார்ப்பு வேண்டும், காலமும் ஆகும். 'உங்கள் கிணற்றில் டி.டி.எஸ். இவ்வளவு, வரம்பு இவ்வளவு' என்பது வெறும் அளவீடு. ஆய்வகத்தில் உறுதியானதும் அதை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடலாம். அதற்காக ஆய்விதழ் எந்தக் கட்டுரையையும் நிராகரிக்கப் போவதில்லை.

அடுத்து, ஆய்வுக்குப் பணம் தரும் அரசுத் துறைகள், இறுதி அறிக்கையோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் கேட்க வேண்டும். அதை கிராம சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டுதல்களை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-ல் வெளியிட்டது. பள்ளிக்குப் போய் உரையாற்றுவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

மூன்றாவதாக, உள்ளூரில் இருப்பதைப் பயன்படுத்தலாம். சின்னாளபட்டி அருகே உள்ள காந்திகிராம கிராமிய நிறுவனம், கற்பித்தலும் ஆராய்ச்சியும் போலவே கிராமப் பணியையும் தன் கடமையாகச் சொல்லும் பல்கலைக்கழகம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பயிற்சி பெரும்பாலும் குழாய்க் குடிநீரோடு நின்றுவிடுகிறது. பாசனக் கிணறுகளையும் அதில் சேர்த்தால், ஆண்டுக்கு இரண்டு முறை ஊரே தன் கணக்கை எடுத்துக்கொள்ளும்.

ஏன் இப்போது?

'சுத்திகரிப்பு நிலையமெல்லாம் வந்தாச்சே, இன்னும் ஏன் பழைய கதை?' என்று கேட்கலாம். அதற்கும் ஆய்வில் பதில் இருக்கிறது. இதே வடிநிலத்துக்காக விஞ்ஞானிகள் செய்த கணினி மாதிரிக் கணக்கு, மாசு வரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 20 ஆண்டுகள் கழித்துக்கூட நிலத்தடி நீரின் டி.டி.எஸ். அளவு பாதிக்குக் கீழே இறங்காது என்று சொன்னது. பாறை இடுக்கில் புகுந்த உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது.

திண்டுக்கல் நகரத்துக்கு ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் பேரணையிலிருந்தும் குடிநீர் வருகிறது. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களுக்குக் கிணறுதான் கதி. அடுத்த போகத்துக்குத் தக்காளி வைப்பதா, உப்பைத் தாங்கும் பயிருக்கு மாறுவதா, இன்னும் 500 அடி போர் போடக் கடன் வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தத் தோட்டக்காரர். அந்த முடிவுக்குத் தேவையான எண் ஏற்கெனவே யாரோ ஒருவரின் கணினியில் அட்டவணையாக இருக்கலாம்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். கடமையைக் குடிமகனிடம் கேட்கும் அரசும் ஆய்வு நிறுவனங்களும், அவர் கிணற்றில் எடுத்த சாம்பிளின் ரிசல்ட்டையாவது அவர் கையில் கொடுக்க வேண்டாமா?