உறுமலை அடக்குவது பயிற்சியன்று

'அடியாத மாடு படியாது' என்று நம்புவோர் நாய்களின் விஷயத்தில் இன்று பழமொழியைச் சொல்வதில்லை. அறிவியலைத் துணைக்கு அழைக்கிறார்கள். நாய் ஓநாயின் வழி வந்தது. ஓநாய்க் கூட்டத்தை 'ஆல்ஃபா' ஒன்று அடக்கி ஆள்கிறது. உரிமையாளர் அந்த இடத்தைப் பிடிக்காவிட்டால் நாய் பிடித்துவிடும். கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டும் பயிற்சியாளர் கூறும் விளக்கம் இதுவே.

இதன் வேர், பாசெல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்டு ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் எழுதிய ஆய்வு. அக்கருத்தை 1970இல் தம் நூலால் பரப்பியவர்களுள் முதன்மையானவர் டேவிட் மெக். பின்னர் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை அருகிருந்து கண்ட அதே மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதினார். தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாமெனப் பதிப்பகத்தையும் வற்புறுத்தினார். ஆசிரியரே கைவிட்ட கருத்தைப் பயிற்சிக்கூடங்கள் கைவிடவில்லை. (கல்விப்புலத்தில் மட்டும் நிலைமை வேறா என்ன!)

'ஆயினும் அடி பலன் தருகிறதே' என்பது அடுத்த வாதம். தருகிறது; ஆபத்தே அங்குதான். குழந்தைகளைக் கண்டு அஞ்சும் நாய் உறுமுகிறது. உறுமல் ஓர் எச்சரிக்கை: 'அருகே வராதே' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. உறுமும்போதெல்லாம் சங்கிலி இறுகினால் நாய் உறுமுவதை நிறுத்தக்கூடும். அச்சம் நிற்பதில்லை. குழந்தை வந்தால் கழுத்து வலிக்கும் என்ற புதிய பாடமும் அதனோடு சேர்ந்துகொள்ளலாம். முன்னறிவிப்பின்றிக் கடித்துவிட்டது என்று பிறகு நாயின் மீதே பழி விழும். அறிவிப்பை அடித்து நிறுத்தியவர் யார்?

போர்ச்சுகலின் பயிற்சிப் பள்ளிகளில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், தண்டனையை மிகுதியாகப் பயன்படுத்திய பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் கூடியிருந்தது. பரிசுமுறையில் பயின்ற நாய்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை.

பரிசு என்பது லஞ்சமே எனச் சிலர் எள்ளி நகைப்பதுண்டு. லஞ்சம் செயலுக்கு முன் காட்டப்படுவது. பரிசு செயலுக்குப் பின், உடனடியாக, வினாடிகளுக்குள் தரப்படுவது. அதனால்தான் எச்செயலுக்குப் பலன் கிடைத்தது என்பதை நாய் அறிகிறது. பழக்கம் ஊன்றியபின் ஒவ்வொரு முறையும் தரவேண்டியதில்லை. இடையிடையே தந்தால் போதும். இது கண்டிப்பற்ற செல்லமும் அன்று. பாய்ந்து ஏறும் நாயைப் பொருட்படுத்தாமல் திரும்பி நிற்பதும், நான்கு கால்களும் தரையில் பட்டவுடன் தடவிக்கொடுப்பதும் உதைப்பதைவிட மிகுந்த கட்டுப்பாட்டைக் கோருகின்றன. அக்கட்டுப்பாடு மனிதருக்கு உரியது என்பதே பலருக்கு இடைஞ்சல்.

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தேவையற்ற வலி தரும் அடியைக் குற்றமென்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இத்தகைய சட்டம் எந்த நாயையும் காக்கப் போவதில்லை. நாயைப் பயிற்சிக்கு ஒப்படைப்பவர் முதல் நாளே ஒன்றைக் கேட்கலாம்: 'இது தவறு செய்தால் என்ன செய்வீர்கள்?' விடை மழுப்பலாக வந்தால், நாயை அழைத்துக்கொண்டு வீடு திரும்புவதே நல்லது.