உரசலும் சிறகும்

சாலையில் ஓடி வானிலும் பறக்கும் வண்டி பற்றிய செய்தி, அவிநாசி சாலை நெரிசலில் ஏற்றுமதிச் சரக்கோடு தவிக்கும் திருப்பூர்க்காரர்களுக்கு ஆசையூட்டுவது இயல்புதான். ஸ்லோவாக்கியாவின் ஏர்கார் 2021 ஜூனில் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறங்கியதும் சிறகை மடக்கி ஊருக்குள் ஓடியது. அந்தக் காட்சியைப் படத்தில் பார்த்தபோது எனக்கு நம் ஊர்ச் சந்துகள்தான் நினைவுக்கு வந்தன. பனியன் மூட்டை ஏற்றிய குட்டி யானை காரை உரசிப்போனால் துடைத்துவிட்டு ஓட்டிப்போகிறோம். அதே உரசல் மடக்கிய சிறகில் பட்டிருந்தால், விவரமறிந்த பொறியாளர் சோதித்துச் சொல்லும்வரை அந்த வண்டி மேலே எழும்பக் கூடாது. அடி தாங்கும்படி கட்டினால் எடை கூடும். சாலைக்கு அவசியமான பம்பரும் சஸ்பென்ஷனும் வானத்தில் வெறும் சுமை. அமெரிக்காவில் மோல்ட் டெய்லர் உருவாக்கிய இதே வகை வண்டியான ஏரோகார் 1949-லேயே பறந்தது, 1956-இல் அரசுச் சான்றும் பெற்றது. ஆனாலும் மொத்தம் ஆறே வண்டிகள்தான் உருவாயின. சென்னை ஐஐடியில் பிறந்த இ-பிளேன் நிறுவனம் சாலையைத் தொடாமல், செங்குத்தாக எழுந்து இறங்கும் மின்விமானத்தில் கவனம் வைத்திருக்கிறது. 2025-இல் 788 வான் ஆம்புலன்ஸ்களுக்கு ஒப்பந்தமும் செய்துகொண்டது. அதுவே சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன். பறப்பது பறக்கட்டும், உயிர் காக்கட்டும்; சாலையைச் சீராக்கும் கடமையை எந்தச் சிறகின் மீதும் நாம் சுமத்த வேண்டாம்.