இரண்டு பாய் அளவிலோர் அறை

பிள்ளைகள் தத்தம் குடும்பத்தோடு பிரிந்து சென்றபின், பெரிய வீட்டை விடுத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் வந்து சேரும் பெற்றோர்க்குப் பொருள்களே பெருஞ்சுமை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஜப்பானியர் இதற்குக் கண்ட விடை அறியத்தக்கது.

கியோட்டோவை அடுத்த யமசாகியில் 'தையான்' என்னும் தேநீர் அறை உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ அமைத்ததாகக் கருதப்படும் அவ்வறையில், அமர்வதற்குள்ள இடம் 'தத்தாமி' பாய் இரண்டே. பாய் ஒன்று ஏறத்தாழ 6 அடி நீளம், 3 அடி அகலம். அங்கும் 'தொக்கோனோமா' எனும் மாடம் உண்டு. அத்தகைய மாடத்தில் ஓர் எழுத்தோவியச் சுருள், ஒரு மலர், அவ்வளவே. பருவம் மாறினால் சுருளும் மாறும். ஏனையவை பெட்டியில் துயிலும்.

ஆகவே, அமைதியை நாடி எதனையும் எறிந்துவிட வேண்டியதில்லை, சகோதரிகளே! திருமணப் படம், தாயார் தந்த பித்தளைச் செம்பு, பேரன் தீட்டிய சித்திரம் யாவும் ஒரே தட்டில் நெருக்குண்டால் எதுவும் கண்ணில் படாது. மாதத்திற்கு ஒன்றாக முறை வைத்துப் பாருங்கள். இதனை விடுத்து, 'ஜப்பானிய அழகு' என்று மூங்கில் பொம்மைகளை வாங்கிக் குவிப்போரும் உளர். இருந்த இடமும் போயிற்று!

படுக்கையைப் பகலில் மடித்துச் சுவரலமாரிக்குள் வைப்பது அந்நாட்டு வழக்கம். பாய் சுருட்டிய நமக்கு அது புதிதன்று. மூட்டுவலியுடையோர்க்கோ கட்டிலே தகும். கனத்த திரைச்சீலைக்குப் பதிலாக வெண்ணிற மல் துணியைத் தொங்கவிடுக. அவர்தம் காகிதக் கதவினூடே வரும் மெல்லொளியை அது ஓரளவு தரும்.